‘புரூஃப்’ காசு வாங்கி ஏமாந்தேன், போலீஸுக்குப் போகலாமா?

கேள்வி: பிரிட்டிஷ் மன்னர் நான்காம் வில்லியம் தலை போட்ட 1835 வெள்ளி ரூபாய் ஒன்றை, அசல் புரூஃப் (புழக்கத்துக்கு அல்லாமல், கண்ணாடி மினுமினுப்போடு தனியாக அடித்த காசு) என்று சொல்லி, கும்பகோணத்து நாணய வியாபாரி ஒன்றரை லட்சத்துக்கு என் தலையில் கட்டிவிட்டார். மும்பையில் காட்டினால் ரீஸ்ட்ரைக் என்கிறார்கள். விற்றவர் அப்பாவின் நண்பர், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். இப்போது போனை எடுப்பதில்லை. உள்ளே தள்ள முடியுமா? – மன்னார்குடி வாசகர்

பதில்: சாப்பாட்டுக் கணக்கு கோர்ட்டுக்கு வேண்டாம். ‘அசல்’ என்று அவர் எங்காவது எழுதிக் கொடுத்தாரா?

கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகளே பின்னாளில் சேகரிப்பாளர்களுக்காக மறுபடி அடித்துக் கொடுத்ததுதான் ரீஸ்ட்ரைக். அதிலும் 1835 என்றுதான் இருக்கும். அது கள்ளக் காசு அல்ல, அதுவும் புரூஃப்தான். நீங்கள் அனுப்பிய பில்லில் ‘1835 ரூபாய், புரூஃப்’ என்று மட்டும் இருக்கிறது. இதை வைத்து மோசடியை நிரூபிப்பது கஷ்டம். வாட்ஸ்அப்பில் ‘ஒரிஜினல்’ என்று எழுதியிருந்தால் விஷயம் வேறு. அப்படியானால் அந்த போனை மாற்றாதீர்கள். புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்று (அந்தப் பதிவு எந்த போனிலிருந்து, எப்படி எடுத்தது என்ற உறுதி) இல்லாமல் அதன் நகல் கோர்ட்டில் எடுபடாது.

எஃப்.ஐ.ஆர். போட்டால் முதலில் உள்ளே போவது அவர் அல்ல, உங்கள் காசு. இப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போல மின்னும் பரப்பின் நடுவில் கட்டைவிரலை வைத்துத்தான் ஸ்டேஷனில் எடுப்பார்கள். துணியில் சுற்றி, அரக்கு வைத்து, பத்தோடு பதினொன்றாக அலமாரியில் போடுவார்கள். மனுப் போட்டுத் திரும்ப வாங்கினாலும், ‘விற்க மாட்டேன், கேட்கும்போது கொண்டுவருவேன்’ என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். வழக்கு முடிகிறவரை காசு உங்கள் பீரோவில், ஆனால் உங்களுடையது மாதிரி இருக்காது.

இன்னொன்று, ஆத்திரத்தில் பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் தேய்த்தீர்களா? கறுத்திருக்கிறது என்று எலுமிச்சையும் விபூதியும் போட்டுத் துலக்கினீர்களா? பலர் செய்கிறார்கள். சொந்தப் பொருள் போலக் கையாண்டதால் அதை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட அது ஒன்றே போதும். அப்புறம் காசைத் திருப்பிக் கொடுத்து முழுத் தொகை கேட்க முடியாது. நஷ்ட ஈடுதான், சரக்கு விற்பனைச் சட்டம் அப்படி.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால் சமாதானமாகப் போங்கள். ரீஸ்ட்ரைக்குக்கும் வாங்க ஆள் உண்டு, அவருக்கும் அந்த வட்டாரத்தில் பெயர் வேண்டும். மும்பைக்காரர் கருத்தை எழுத்தில் வாங்கி இணைத்து, ஒரே ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பத்து, இருபதாயிரம் குறைத்துப் பேசினாலும் சம்மதியுங்கள். செக் வேண்டாம். பணம் கணக்கில் ஏறிய பிறகு காசைக் கவரோடு கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.