நுரையீரல் கதிர்வீச்சுக் கணக்கு: மகளை அனுப்பலாமா?

ஐயா, வணக்கம்.

பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் மகள், மூச்சோடு உள்ளே போகும் கதிரியக்கத் துகளால் நுரையீரலுக்கு எவ்வளவு பாதிப்பு என்று கணக்கிடும் துறைக்குப் போகிறேன் என்கிறாள், பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மணவாளக்குறிச்சிப் பக்கம் வளர்ந்தவர் நீங்கள். அந்தக் கடற்கரை மோனசைட் மணலில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருப்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பயப்படுவது நியாயம்தான். ஆனால் இந்த வேலையில் பெரும்பகுதி கணினி முன்னால் நடப்பது. அது என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

களத்தில் நெல் தூற்றிவிட்டு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருமே, கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. பெரிய தூசியை மூக்கே பிடித்துவிடும். சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்களில் ஒரு பங்கு கீழே இறங்கும். மூச்சுக்குழாயில் படிந்தது சளியோடு மெல்ல மேலேறி, நாம் அறியாமலே விழுங்கப்பட்டு வயிற்றுக்குப் போகும். காற்றுப்பை வரை போய்விட்ட கரையாத துகள் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். கரையும் ரகம் என்றால் ரத்தத்தில் கலந்து எலும்புக்கோ சிறுநீரகத்துக்கோ போய்ச் சேரும். இந்தப் பயணம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சமன்பாடுகளாக எழுதியதுதான், சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1994-இல் 66-ஆம் வெளியீடாகத் தந்த சுவாசப்பாதை மாதிரி. துகள் அளவு தெரியாதபோது தொழிலாளர்களுக்கு 5 மைக்ரான், பொதுமக்களுக்கு 1 மைக்ரான் என்று வைத்துக் கணக்கிடுவார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஆல்ஃபா கதிர் உடல் திசுவில் 0.1 மில்லிமீட்டர்கூடப் போகாது. அதை வெளிவிடும் துகள் தோலுக்கு வெளியே இருந்தால் மேல்தோலே கதிரைத் தடுத்துவிடும். அந்தத் துகள் மூச்சுக்குழாயின் உள்சுவரில் உட்கார்ந்தால் உயிருள்ள செல்கள் அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அந்தச் சிறு தூரத்துக்குள்ளேயே தன் ஆற்றல் முழுவதையும் கொட்டிவிடுவதால்தான், உடலில் அதே அளவு ஆற்றலைச் சேர்க்கும் காமா கதிரைவிட ஆல்ஃபாவுக்குப் பாதிப்புக் கணக்கில் 20 மடங்கு எடை தருகிறார்கள். ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றுகொண்டிருந்த நோய் நுரையீரல் கட்டிதான் என்று 1879-இல் ஹேர்ட்டிங், ஹெஸ்ஸெ என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். சுரங்கக் காற்றில் இருந்த ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உண்டாகும், ஆல்ஃபா கதிர் வீசும் பொலோனியம்தான் காரணம் என்று புரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைக்காத கணக்கைத்தான் உங்கள் பிள்ளை படிக்க ஆசைப்படுகிறாள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, வழிக்கு வருவோம். பொதுவாக எம்.எஸ்சி. இயற்பியல் வேண்டும். அதற்கப்புறம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு முயலலாம். அல்லது அங்கேயே நடக்கும் ஓராண்டுக் கதிரியல் இயற்பியல் டிப்ளமோ இருக்கிறது. எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பதிலாக அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படிக்கும் வழியும் உண்டு. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: நுரையீரல் கணக்கு மட்டும் செய்யும் பணியிடங்கள் மிகக் குறைவு. அதனால் அதை மட்டும் நம்பி இறங்கவேண்டாம். புற்றுநோய் மருத்துவமனைகளில் மருத்துவ இயற்பியலாளர் வேலை கைவசம் இருக்கும்படி படிக்கட்டும். ஆஸ்துமா இன்ஹேலர் மருந்து எங்கே படியும் என்று பார்ப்பதற்கும் இதே கணக்குதான். பைத்தான் நிரலாக்கத்தை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். உடலியலும் கொஞ்சம் படிக்கவேண்டும், இயற்பியல் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

உங்கள் பயத்துக்கும் ஒரு வார்த்தை: கதிரியக்கப் பொருள் கையாளும் ஆலையில் நேரடியாக வேலை பார்ப்பவர்களுக்குக்கூட 5 ஆண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்று வரம்பு இருக்கிறது. சட்டையில் குத்திய கதிர் அளக்கும் பட்டையை (பேட்ஜ்) வைத்து வெளியிலிருந்து படும் கதிரைக் கணக்கெடுப்பார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் ஒரு கணக்குக் கொடுங்கள். ஒரு கதிரியக்கப் பொருள் 8 நாளில் பாதியாகச் சிதைகிறது, உடல் அதை 24 நாளில் பாதியாக வெளியேற்றுகிறது. 12 நாள் கழித்து உடலில் எவ்வளவு மிச்சம்? இரண்டும் சேர்ந்தால் 6 நாளுக்கு ஒருமுறை பாதியாகும் (1/8 + 1/24 = 1/6), ஆகவே விடை கால்வாசி. சொல்லிவிட்டு எழுந்து போகிறாளா, ‘வெளியேறிய பங்கு எந்த உறுப்பு வழியாகப் போனது, அங்கே என்ன செய்தது?’ என்று கேட்கிறாளா, பாருங்கள். கேட்டாள் என்றால் விண்ணப்பப் படிவத்தோடு அவளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வாருங்கள்.