கிரேன் சாய்ந்தால் இழப்பு யாருடையது?

கேள்வி: உச்சிப்புளிக்கு அருகே கடலோரக் கிராமம் ஒன்றில், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மேல் மாடி கட்டி வருகிறேன். ஆடி மாதத்தில் கம்பிக்கட்டுகளை மேல்தளத்தில் ஏற்றுவதற்காக, மேஸ்திரி கொடுத்த எண்ணில் பேசி, ஓட்டுநரோடு ஒரு கிரேனை வாடகைக்கு எடுத்தேன். முன்பணம் 4,000 ரூபாயை உரிமையாளருக்கு நானே ஜிபேயில் அனுப்பினேன். கிரேன் தெருவில் நின்றது. அதைத் தாங்கி நிறுத்தும் கால்களில் ஒன்று (ஜாக்கி) மட்டும் என் முற்றத்தில் ஊன்றப்பட்டிருந்தது. கம்பிக்கட்டைத் தூக்கித் திருப்பும்போது அந்த ஜாக்கி மண்ணுக்குள் இறங்கி, கிரேன் சாய்ந்தது. என் கைப்பிடிச் சுவர் இடிந்தது. பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரை நொறுங்கி, அங்கிருந்த மூதாட்டிக்கு நெற்றியில் தையல் போடவேண்டியதாயிற்று. ஜாக்கி இறங்கிய இடத்தில் முன்பு மூடிவிட்ட செப்டிக் தொட்டி இருந்தது. அதை மேஸ்திரியிடம் சொல்லியிருந்தேன், ஓட்டுநரிடம் சொல்லவில்லை. இப்போது உரிமையாளர், கிரேனின் தூக்கும் கையான பூம் பழுதானதற்காக 1,35,000 ரூபாய் கேட்கிறார். சேதத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்று பில்லில் அச்சிட்டிருப்பதாகவும், காற்றுக்குத் தாம் என்ன செய்ய முடியும் என்றும் சொல்கிறார். பக்கத்து வீட்டாரும் என்னிடமே இழப்பீடு கேட்கிறார்கள். உடைந்த ஜாக்கித் தட்டு என் முற்றத்தில் கிடக்கிறது. அதைத் தர மறுக்கலாமா?

பதில்: முதலில், உரிமையாளர் கேட்கும் 1,35,000 ரூபாயில் எந்தப் பகுதியையும் இப்போது கொடுத்துவிடாதீர்கள், ‘பார்த்துச் செய்கிறேன்’ என்று வாட்ஸ்அப்பில்கூட எழுதிவிடாதீர்கள்.

ஒரு பொருளை வாங்கிச் சென்று நாமே கையாளும்போதுதான் அதைக் கவனமாகப் பாதுகாக்கும் கடமை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி நம்மீது விழுகிறது. உங்கள் நிகழ்வில் கிரேன் ஒருபோதும் உங்கள் வசம் வரவில்லை. உரிமையாளரின் ஓட்டுநரே அதைக் கொண்டுவந்தார், நிறுத்தினார், இயக்கினார். ஓட்டுநரோடு வாடகைக் காரில் ஏறிய பயணி, அந்த ஓட்டுநரின் தவறால் கார் நசுங்கினால் பழுதுச் செலவைக் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா, அதே நிலைதான் உங்களுடையது. அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை 1946இல் மெர்சி துறைமுக வாரிய வழக்கில் இதே கேள்வியைத் தீர்த்தது. ஓட்டுநரோடு வாடகைக்குக் கொடுத்த கிரேனால் ஒருவர் காயமடைந்தபோது, எதைத் தூக்கவேண்டும் என்று சொல்லும் அதிகாரம் மட்டுமே வாடகைக்கு எடுத்தவரிடம் இருந்தது, கிரேனை எப்படி இயக்குவது என்பதை அவர் கட்டுப்படுத்தவில்லை, ஆகவே பொறுப்பு ஓட்டுநரின் நிரந்தர முதலாளியிடமே நிற்கிறது என்று அச்சபை தீர்ப்பளித்தது. ஓட்டுநர் வாடகைக்கு எடுத்தவரின் ஊழியராகவே கருதப்படுவார் என்று அவர்களுடைய ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும் தீர்ப்பு மாறவில்லை. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், எடுத்துக்காட்டி வாதிடத் தக்கது.

பில்லில் உள்ள வாசகத்தைப் பொறுத்தவரை, அந்தப் பில் உங்கள் கைக்கு எப்போது வந்தது என்பதே கேள்வி. வேலைக்கு ஒப்புக்கொண்டு முன்பணமும் பெற்ற பிறகு நீட்டப்பட்ட தாளில் உள்ள நிபந்தனை, முன்பே முடிந்துவிட்ட ஒப்பந்தத்தின் பகுதியாகாது. ஜிபே பதிவில் உள்ள தேதியும் நேரமும் இதற்குச் சான்று. அந்த வாசகம் உங்களைக் கட்டுப்படுத்துவதாகவே வைத்துக்கொண்டாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத பக்கத்து வீட்டாரின் உரிமையை அது தொடவே தொடாது.

காற்றைப் பற்றிய வாதம் இன்னும் வலுவற்றது. யாராலும் முன்னறிய முடியாததும், தக்க எச்சரிக்கையோடு இருந்தும் தவிர்க்க முடியாததுமான நிகழ்வையே சட்டம் இயற்கையின் செயல் என்று ஏற்கும். மண்டபம், பாம்பன் கரையில் ஆடியில் கச்சான் காற்று ஓங்கி வீசும் என்பது சிறுவர்களுக்கும் தெரியும். அதை அறிந்து வேலையை நிறுத்துவதும் காலையிலேயே முடித்துக்கொள்வதும் தொழில் செய்பவரின் கடமை. மணற்பாங்கான தரையில் ஜாக்கிக்கு அடியில் தடித்த மரக்கட்டைகளையோ இரும்புத் தட்டையோ பரப்பிப் பளுவைப் பகிர்ந்தாரா என்பதையும் அவர் விளக்கவேண்டியிருக்கும்.

உங்கள் பக்கத்தின் பலவீனம் அந்தத் தொட்டிதான். இதை நான் மெழுகிச் சொல்ல விரும்பவில்லை. மேலிருந்து பார்த்தால் தெரியாத ஆபத்து ஒன்று தன் மனைக்குள் இருப்பதை அறிந்தவர், அங்கே வேலை செய்ய வருபவரிடம் அதைச் சொல்லவேண்டும். நீங்கள் மேஸ்திரியிடம் சொன்னது ஓட்டுநருக்குச் சொன்னதாகுமா என்பது, மேஸ்திரி யாருடைய ஆள் என்பதைப் பொறுத்தது. கிரேன் செலவும் அவருடைய ஒப்பந்தத் தொகைக்குள் அடங்கியிருந்தால், கிரேனை அமர்த்தியவர் அவரே என்று வாதிடலாம். ஆனால் அவர் எண்ணை மட்டும் கொடுத்தார், பணத்தை நீங்கள் நேரடியாக அனுப்பினீர்கள். ஆகவே அவர் உங்கள் ஆளாகவே பார்க்கப்படலாம். அவருடைய மௌனம் உங்கள் மௌனமாகக் கருதப்படலாம். அதற்காக முழுப் பொறுப்பும் உங்கள்மீது விழாது. கால் ஊன்றும் இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டறிவது ஓட்டுநரின் தொழில்முறைக் கவனத்தில் சேர்ந்தது. அவர் கேட்டாரா என்பதைச் சாட்சிகளிடம் விசாரித்து எழுதிவையுங்கள். நீதிமன்றம் கவனக்குறைவைப் பங்கிட்டால், பெரும்பங்கு அவர் பக்கமே விழும் என்பது என் கருத்து.

மூதாட்டியின் நிலைதான் இதில் முதலில் கவனிக்கப்படவேண்டியது. சாய்ந்தது நடமாடும் கிரேன், அதாவது மோட்டார் வாகனம். ஆகவே காயத்துக்கும் கூரைச் சேதத்துக்கும் சேர்த்து, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உரிமையாளர்மீதும் காப்பீட்டு நிறுவனத்தின்மீதும் பக்கத்து வீட்டார் மனுச் செய்யலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஆறு மாதக் காலவரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் மனுப் போடுவதே பாதுகாப்பு. காவல் நிலையத்தில் புகாரும், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலும் அவசியம். கிரேன் தெருவில் நின்றது என்பது இங்கே முக்கியமானது, ஏனெனில் கட்டாயக் காப்பீடு பொது இடத்தில் வாகனத்தைப் பயன்படுத்துவதைச் சார்ந்தது. வண்டி நின்ற இடத்தின் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். நடமாடும் கிரேன்களின் காப்பீட்டில் ‘ஐ.எம்.டி. 47’ என்னும் கூடுதல் நிபந்தனை சேர்க்கப்படுவதுண்டு. அதன்படி, கருவியாக இயங்கும்போது கவிழ்ந்தால் கிரேனுக்கு ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பணம் தராது. உரிமையாளர் உங்களை நெருக்குவதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம். அவர் அந்தப் பாதுகாப்பைக் கூடுதலாக வாங்காமல் விட்டது உங்கள் பொறுப்பல்ல.

பெண் என்ற முறையில் அந்த மூதாட்டிக்கு, வருமானம் எதுவாயினும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இலவச சட்ட உதவி உண்டு. இராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அவரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள். மழை தொடங்குமுன் கூரையைச் சரிசெய்ய நீங்கள் பணம் கொடுக்க விரும்பினால், அது பொறுப்பை ஏற்றுக் கொடுப்பதல்ல, உரிமையாளரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையோடு கொடுப்பது என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்ட ரசீதோடு கொடுங்கள்.

உங்கள் சுவருக்கும் முன்பணத்துக்கும், உரிமையாளருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிவிட்டு, இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். சொந்தக் குடியிருப்புக்காக எடுத்த சேவை என்பதால் நீங்கள் நுகர்வோர். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

ஜாக்கித் தட்டைத் தடுத்துவைக்க உங்களுக்கு உரிமையில்லை. இழப்பீட்டுக்கு ஈடாகப் பிறர் பொருளைப் பிடித்துவைத்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் புகார் உங்கள்மீது திரும்பும். தட்டையும், அது புதைந்த குழியையும், குழியின் ஆழத்தைக் காட்டும் அளவு நாடாவோடு படம் எடுத்து, காவல் நிலையத்துக்குத் தெரிவித்துவிட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஒப்புகை பெற்றுக்கொண்டு ஒப்படையுங்கள். படம் எடுத்து முடிக்கும்வரை அந்தக் குழியை மூடவேண்டாம்.