‘நீதிமானாக்கப்படுகிறான்’: ஆக்குவதா, அறிவிப்பதா?

சகோதரரே, பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் (ரோமர் 3:28) விசுவாசத்தினாலேயே மனுஷன் ‘நீதிமானாக்கப்படுகிறான்’ என்பது உண்மையென்றால் நான் ஏன் இன்னும் பழைய ஆளாகவே இருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். சிக்கலில் பாதி அந்த ‘ஆக்கு’வில்தான் இருக்கிறது.

கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் உள்ள வினை டிகையோஓ. அது பெரும்பாலும் வழக்குமன்ற வாடை அடிக்கும் சொல்: ‘இவன் பக்கம் நியாயம்’ என்று தீர்ப்புச் சொல்வது. லூக்கா 7:29-ஐப் பாருங்கள். அங்கேயும் அதே வினைதான். ஆனால் மக்கள் கடவுளை நீதிமானாக ‘ஆக்க’ முடியாதே! அதனால் நம் பழைய மொழிபெயர்ப்பு ‘தேவன் நீதிபரர் என்று அறிக்கையிட்டார்கள்’ என்று போட்டுவிட்டது. லத்தீன் மொழிபெயர்ப்பிலோ அந்தக் கிரேக்க வினை இயுஸ்திஃபிகாரே ஆனது. பிரித்தால் ‘நீதிமானாகச் செய்’. பழங்காலத் திருச்சபை ஆசிரியர் அகுஸ்தீன் அப்படித்தான் வாசித்தார். 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கமும் மனிதனுக்குள் நடக்கும் மாற்றத்தைச் சேர்த்தே விளக்கியது. சீர்திருத்தவாதி லூதரின் தரப்பு ‘தீர்ப்பு’ என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது.

என் வாசிப்பில் பவுல் இங்கே பேசுவது தீர்ப்பைத்தான். வாழ்க்கை மாறுவதைப் பற்றி 6-ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். சரி, முதலில் 4:5-ஐப் படியுங்கள். அங்கே அந்தத் தீர்ப்பைப் பெறும்போது விசுவாசிக்கிறவன் பாவியாகவேதான் நிற்கிறான்.