பயாப்ஸியில் பிடிபடாத கிரோன் நோய்

கேள்வி: எனக்கு வயது 28. ஒன்றரை ஆண்டாக அடிவயிற்றின் வலப்பக்கம் வலியும் வயிற்றுப்போக்கும் உள்ளன; எடையும் குறைந்துவிட்டது. முதலில் ஐ.பி.எஸ். (குடல் எரிச்சல் நோய்) என்றார்கள், பிறகு குடல் காசநோயாக இருக்கலாம் என்றார்கள், இப்போது கிரோன் நோய் (குடலில் நீடிக்கும் அழற்சி நோய்) என்று சந்தேகிக்கிறார்கள். பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையில் 'நாள்பட்ட அழற்சி' என்று மட்டுமே உள்ளது. ஒரே பரிசோதனையில் இதை உறுதிசெய்ய முடியாதா?

பதில்: முடியாது. அறிகுறிகள், ரத்த, மலப் பரிசோதனைகள், கொலனோஸ்கோபி (பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்ப்பது), ஸ்கேன், பயாப்ஸி ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தே கிரோன் நோயை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஐ.பி.எஸ்.ஸால் மட்டும் எடை குறையாது என்பதால், அந்தச் சந்தேகத்தைத் தாண்டி வந்தது சரியே. மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு கூடியிருந்தால் குடலில் அழற்சி இருக்கலாம் என்று கொள்ளலாம். ஆனால் சில வலிநிவாரணிகளும் அதைக் கூட்டும் என்பதால், நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பயாப்ஸியில் எடுக்கப்படுவது குடலின் உட்பரப்பிலிருந்து கிள்ளிய சிறு துணுக்குகளே. இந்நோயோ குடற்சுவரின் முழுத் தடிமனையும் பாதிக்கக்கூடியது. இடையிடையே நல்ல பகுதிகளை விட்டுவிட்டும் வரும். இதற்குரிய கிரானுலோமா (அழற்சிச் செல்களின் சிறு திரள்) பலருக்குத் தென்படுவதே இல்லை. ஆகவே உங்கள் அறிக்கை கிரோன் நோயை மறுக்கவில்லை. அதைவிட முக்கியமாக, கொலனோஸ்கோப் சிறுகுடலின் கடைப்பகுதிக்குள் நுழைந்ததா என்று அறிக்கையில் பாருங்கள். நோய் பெரும்பாலும் தங்குமிடம் அதுதான். நுழையவில்லை என்றால், சிறுகுடலுக்கான எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் அவசியமாகிறது. குடல் சுருங்கியிருந்தால் விழுங்கும் கேப்சூல் கேமரா உள்ளே சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் அதற்கு அவசரப்பட வேண்டாம்.

உண்மையான சிக்கல் காசநோயே. அதுவும் அதே இடத்தில் அதே போன்ற புண்களை உண்டாக்கும். அதன் கிருமி திசுவில் அகப்படாமல் போவதும் சாதாரணம். காசநோய் இருக்கும்போது கிரோன் நோய் என்று கருதி ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவக்கூடும். எனவே ஐயம் தீராதபோது, முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் கொலனோஸ்கோபி செய்து பார்ப்பதுண்டு. கிரோன் நோயாளிகளில் சிலருக்கும் அம்மருந்தால் உடல்நிலை தேறியது போலத் தோன்றலாம் என்பதால், புண் ஆறியதா என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

ஆசனவாயருகே சீழ்க்கட்டியோ பௌத்திரமோ வந்ததுண்டா? பலர் கூச்சத்தால் மறைக்கும் இத்தகவல் கிரோன் நோயின் பக்கம் சுட்டும் வலுவான தடயமாகும். அடுத்த சந்திப்பிலேயே தெரிவியுங்கள். வயிறு உப்பி, வாந்தியுடன் மலமும் வாயுவும் வெளியேறாமல் நின்றுபோனால், அது குடலடைப்பாக இருக்கலாம் என்பதால், பரிசோதனை முடிவுகளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.