பொம்மை ஹெலிகாப்டரிலிருந்து ஆறு சேனலுக்கு: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்தவை. எழுதியவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறார்கள். கடையில் வாங்கிய சின்ன ரிமோட் ஹெலிகாப்டர் கைக்குள் அடங்கிவிட்டது, அடுத்து நிஜமான ஒன்று வேண்டும். அதனால் பதில்களை ஒன்றாகவே தருகிறேன். புதியவர்களுக்கு: சேனல் என்பது டிரான்ஸ்மிட்டரிலிருந்து (கையில் பிடிக்கும் ரிமோட்) தனியாக இயக்கக்கூடிய ஒவ்வொரு கட்டுப்பாடு. 450 என்பது ஹெலிகாப்டரின் ஓர் அளவு வகை.

ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை விசிறி உள்ள ஹெலிகாப்டர் நன்றாகப் பழகிவிட்டது. நேராக 450 அளவு ஆறு சேனல் வாங்கலாமா? இடையில் நான்கு சேனல் ஒன்று தேவையா? (கானாடுகாத்தான், கல்லூரி மாணவர்)

நான்கு சேனலைத் தாண்டிவிடுங்கள் தம்பி. அதில் பிளேடின் கோணம் மாறாது. மேலே ஏற விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும், இறங்க வேகம் குறைய வேண்டும். ஸ்டிக்கைத் தள்ளிக் கொஞ்சம் காத்திருந்த பிறகுதான் பலன் தெரியும். ஆறு சேனலில் விசிறியின் வேகம் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்க, பிளேடின் கோணம்தான் மாறுகிறது. விரல் அசைந்த அந்த நொடியே ஹெலிகாப்டர் ஏறும், இறங்கும். நான்கு சேனலில் படிந்த கை இங்கே தாமதத்தை எதிர்பார்த்து ஸ்டிக்கை அதிகமாகத் தள்ளும். அந்தப் பழக்கத்தை மறக்கத் தனியாக உழைக்க வேண்டியிருக்கும்.

அதற்காக நாளைக்கே 450 வாங்கச் சொல்லவில்லை. அதன் விசிறி விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். முதலில் கணினியில் பறக்கவிட்டுப் பழகும் சிமுலேட்டர், அப்புறம் எக்ஸ்கே கே110 போல 100 கிராமுக்கும் குறைவான ஆறு சேனல், அதன் பிறகு 450. குட்டி ஹெலிகாப்டரில் தானாக நிமிர்ந்துகொள்ளும் வசதி இருக்கும். ஆரம்பத்தில் அது துணைதான். ஆனால் அதை அணைத்துவிட்டு அந்தரத்தில் நிதானமாக நிறுத்திவைக்கத் தெரியும்வரை 450 பக்கம் போக வேண்டாம்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பயம் வந்தால் எல்லாருக்கும் கை ஸ்டிக்கை அடிவரை இழுக்கும். பொம்மையில் அதனால் மெதுவாக விழும், அவ்வளவுதான். ஆறு சேனலில் ஐடில்-அப் சுவிட்ச் (ஸ்டிக் எங்கே இருந்தாலும் மோட்டாரை வேகமாகவே ஓடவைப்பது) போட்டிருக்கும்போது ஸ்டிக்கை அடிவரை இழுத்தால் பிளேடு எதிர்க்கோணத்துக்குத் திரும்பி, மோட்டார் முழு வேகத்தில் ஓடியபடியே, ஹெலிகாப்டரைத் தரையில் அறைந்துவிடும். அதனால் முதல் சில மாதங்கள் டிரான்ஸ்மிட்டரில் ஐடில்-அப்பையே செயலிழக்க வைத்துவிடுங்கள். மோட்டாரை உடனே நிறுத்தும் திராட்டில் ஹோல்ட் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று விரல் பார்க்காமலே அறிய வேண்டும். தரையைத் தொடப்போகிறது என்று தெரிந்தவுடன் ஹோல்ட். மோட்டார் நின்ற நிலையில் விழுந்தால் பெரும்பாலும் பிளேடோடு போகும். ஓடிக்கொண்டே விழுந்தால் பல்சக்கரம், ஷாஃப்ட், சர்வோ, வால் குழாய் என்று வரிசையாகச் செலவு. பேட்டரியை இணைக்கும் முன்பும், இறங்கியதும் கிட்டே போகும் முன்பும் ஹோல்ட் போட்டிருக்க வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

சிமுலேட்டரில் எதைப் பழகுவது? விளையாட்டு மாதிரித்தான் இருக்கிறது. (தேவகோட்டை)

ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ், நெக்ஸ்ட் எதுவும் சரி. விசைப்பலகையில் பழகாதீர்கள், உங்கள் டிரான்ஸ்மிட்டரையே கணினியில் இணைத்துப் பழகுங்கள். குட்டிக்கரணம் போடும் ஆசையை ஒதுக்கிவிட்டு, அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்திவைக்க மட்டும் பழகுங்கள்.

முதலில் வால் உங்களைப் பார்த்தபடி. அது நின்றால் வாலை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி. பிறகு முழுக்கப் பக்கவாட்டில், இடமும் வலமும் சம அளவில். எல்லாருக்கும் ஒரு பக்கம் எளிதாக வரும், மற்றது வராது. வராத பக்கத்துக்குத்தான் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். கடைசியாக மூக்கு உங்களைப் பார்த்தபடி. இங்கேதான் பலர் திணறுவார்கள், ஏனென்றால் இடமும் வலமும் மாறிப்போகும். ஒரு வழி சொல்கிறேன்: ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைக் கொடுங்கள், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பது போல. யோசிக்காமல் கை இதைச் செய்யும் வரை, வெளியில் நிஜமாகப் பறக்கவிடும்போது மூக்கை உங்கள் பக்கம் திருப்ப வேண்டாம்.

எங்கள் பூர்வீக வீடு பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. வளவு முற்றத்தில் பறக்கவிடலாமா? காற்றே இருக்காது. (பள்ளத்தூர்)

வெளிக்காற்று இருக்காது, உண்மை. ஆனால் விசிறி கீழே தள்ளும் காற்று நாலு பக்கமும் பட்டு மேலே சுருண்டு வந்து மறுபடி விசிறிக்குள்ளேயே விழும். முற்றத்தில் ஹெலிகாப்டர் காரணமில்லாமல் தள்ளாடுவது இதனால்தான். 100 கிராம் குட்டிக்கு, ஆளில்லாத நேரத்தில், பரவாயில்லை. 450-ஐ அங்கே கிளப்பவே கூடாது. சுற்றிலும் தூண், மேலே இரும்புக் கம்பி வலை, ஒதுங்க இடமே இல்லை.

வெளியில் பழகுகிறவர்களுக்கும் இதையொட்டி ஒன்று. பயத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே நிறுத்தப் பார்க்கிறார்கள். அங்கேதான் அதன் சொந்தக் காற்று தரையில் மோதி அதையே அலைக்கழிக்கும். இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோங்கள், சட்டென்று அமைதியாகிவிடும்.

நிறுத்திவைக்கும்போது எப்போதும் வலது பக்கம் லேசாகச் சாய்ந்தே நிற்கிறது. பழுதா? (புதுவயல்)

பழுதில்லை. மேலிருந்து பார்த்தால் உங்கள் விசிறி கடிகாரச் சுற்றில் சுற்றும். உடல் எதிர்ப்பக்கம் திரும்பிவிடாமல் வால் விசிறி தடுக்கிறது, அப்படித் தடுக்கும்போது முழு ஹெலிகாப்டரையும் இடப்பக்கம் தள்ளுகிறது. அதை ஈடுகட்டத்தான் இந்தச் சாய்வு. டிரிம் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் பொத்தான்) போட்டு நிமிர்த்தினால் நகர ஆரம்பித்துவிடும்.

சித்திரை வெயிலில் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பிவிட்டது. சார்ஜ் போடலாமா? (காரைக்குடி)

போடாதீர்கள். உப்பியதைத் திரும்பப் பயன்படுத்துவது தீயோடு விளையாடுவது. புதியதை வாங்கியதும் இவற்றைக் கடைப்பிடியுங்கள். சார்ஜ் ஆன செல் 4.2 வோல்ட். பறக்காத நாட்களில் 3.8 அளவில் வைத்திருக்க வேண்டும். 2200 மில்லிஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் சார்ஜ் போதும். பறந்து வந்த சூட்டோடு போடக் கூடாது, ஆறவிடுங்கள். பூட்டிய காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். டிரான்ஸ்மிட்டரில் நாலு நிமிடத்துக்கு மணி வையுங்கள், அடித்தவுடன் இறக்கிவிடுங்கள். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரியை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமே உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் பேட்டரியை அலட்சியமாக நடத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எங்கே பறக்கவிடுவது? பழைய செட்டிநாடு விமான ஓடுதளத்தில் விடலாமா? (கோட்டையூர்)

அது பொது மைதானம் இல்லை. உரியவர்களிடம் அனுமதி வாங்காமல் நுழைய வேண்டாம். ட்ரோன் விதிகள் 2021 ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டருக்கும் பொருந்தும். 2 கிலோவுக்குள் இருந்து, தொழிலுக்காக இல்லாமல் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் (எங்கே பறக்கவிடலாம் என்பதை நிறத்தால் காட்டும் இணைய வரைபடம்) உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் வற்றிய கண்மாய் நல்ல இடம். கரையோரச் சீமைக்கருவேலத்தையும் மின்கம்பியையும் விட்டு விலகி நடுவில் நில்லுங்கள். செம்மண் புழுதி மோட்டாருக்குள் போகும், அதனால் ஒரு பிளைவுட் பலகை போட்டு அதிலிருந்து ஏற்றுங்கள். ஆடு மேய்க்கிறவர்கள் வந்தால் இறக்கிவிட்டுக் காத்திருங்கள். விடிந்ததும் முதல் ஒன்றரை மணி நேரம்தான் பழகுகிறவருக்கு ஏற்றது. ஆடி மாதத்தில் சிமுலேட்டரே போதும்.

பதினோரு வயதுப் பேரன் பெரிய ஹெலிகாப்டர் கேட்டு அடம் பிடிக்கிறான். வாங்கித் தரலாமா? (காரைக்குடி, ஒரு ஆச்சி)

பெரியது இப்போது வேண்டாம், ஆச்சி. சிமுலேட்டரும் குட்டி ஹெலிகாப்டரும் வாங்கிக் கொடுங்கள், கூடவே கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. பறக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். குட்டி கீழே விழுந்து உடைந்தால் அதைப் பிரித்துப் பாகம் மாற்ற அவனையே விடுங்கள். பொறுமையாகத் தானே சரிசெய்து மறுபடி பறக்கவிடுகிறான் என்றால், இரண்டு மூன்று வருடம் கழித்து 450 பற்றி எனக்கு எழுதுங்கள்.