பட்டுப்புழு ஷெட்ல எடுத்த போட்டோவ வெச்சு அது ஊசி ஈயா, வீட்டு ஈயான்னு சொல்ல முடியுமா?

நீங்க போட்ட ரெண்டு போட்டோவும் பாத்தேங்க. ஒண்ணு வலை மேல உக்காந்திருக்கு, இன்னொண்ணு அடிச்சு நசுங்கினது. உங்க புழு நாலாவது தோல் உரிச்சு முடிச்சிருக்கும்னு நெனைக்கறேன், அந்த நேரத்துல ஷெட்டுக்குள்ள ஒரு ஈ பறந்தா வர்ற பயம் எனக்கு தெரியும். ஊசி ஈன்னா பட்டுப்புழு மேல முட்டை வெக்கற ஒட்டுண்ணி ஈ, அதோட குஞ்சு புழுவுக்குள்ள போய் தின்னு வளரும்.

ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இப்படித்தான் ஒரு வாட்ஸப் குரூப்ல போட்டோ போட்டு கேட்டேன், நாங்க உடுமலை பக்கம், அப்ப 200 முட்டைத் தொகுதி எடுத்திருந்தோம். "முதுகுல நாலு கோடு இருக்குல்ல, வீட்டு ஈதாம்மா, பயப்படாதீங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரு, மத்தவங்களும் ஆமான்னுட்டாங்க. வீட்டு ஈக்கும் நாலு கோடு, ஊசி ஈக்கும் நாலு கோடுதாங்க! இறைச்சி ஈக்குத்தான் மூணு, அது வயித்துல சதுரங்க பலகை மாதிரி கட்டம் இருக்கும். வித்தியாசம் சைஸ்ல, வீட்டு ஈ 6, 7 மில்லிமீட்டர், ஊசி ஈ 10, 12 வரும், வயித்துல முள்ளு முள்ளா மயிர் நிக்கும். என் போட்டோல அளவு தெரிய பக்கத்துல எதுவும் இல்ல, உங்க போட்டோலயும் இல்ல.

எங்க அத்தை மட்டும் "வீட்டு ஈ புழு மேல இப்படி தொட்டு தொட்டு எந்திரிக்காதே சாமி"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நான் குரூப்ப நம்புனேன். மூணு நாள் கழிச்சு பாத்தா புழு உடம்புல சூடு வெச்ச மாதிரி கருப்பு புள்ளி, முட்டை பொரிஞ்சு உள்ள போன இடம் அது. அப்புறம் கூட்டுல ஓட்டை, ராத்திரி டார்ச் அடிச்சா தரையில ஈயோட புழு வெள்ளை வெள்ளையா நெளிஞ்சு செவுத்து வெடிப்புக்குள்ள போகுது. ஓட்டை கூட்டுல இழை அறுந்து போயிரும், நூல் எடுக்க முடியாது, யாரு வாங்குவாங்க?

அதனால நான் சொல்றது, ஈய விட்டுட்டு புழுவ போட்டோ எடுங்க. மடிப்பு மடிப்பா இருக்கற இடத்துல கசகசாவ விட சின்னதா வெள்ளையா ஈ முட்டை ஒட்டிட்டு இருக்கா பாருங்க. உயிரோட இருக்கற பட்டுப்புழுவுல இருந்தோ கூட்டுல இருந்தோ வெளிய வந்த ஈப்புழுவ ஒரு பாட்டில்ல போட்டு வாய துணியால கட்டி வெச்சா 10, 12 நாள்ல ஈ வரும், அத ஸ்கேல் பக்கத்துல வெச்சு மேல இருந்து ஒண்ணு, சைடுல ஒண்ணு எடுங்க. சைடுல முதுகு முடியற இடத்துக்கு கீழ ஒரு சின்ன புடைப்பு தெரிஞ்சா ஒட்டுண்ணி ஈ குடும்பம், வீட்டு ஈக்கும் இறைச்சி ஈக்கும் அது அப்படி புடைச்சிருக்காது. செத்த புழுவுல இருந்து எடுக்காதீங்க, அதுல இறைச்சி ஈயும் வரும்.

பூச்சியியல் படிச்சவங்க உடனே வந்து இதெல்லாம் போதாது, இனம் சொல்லணும்னா ஆண் ஈயோட பின்பக்கத்த மைக்ராஸ்கோப்ல பாக்கணும்னு சொல்வீங்க, சரிதான், நான் எக்ஸாரிஸ்டா பாம்பைசிஸ்தான்னு (ஊசி ஈயோட அறிவியல் பேரு) சத்தியம் பண்ணல. ஆனா 1980-ல வங்காளத்துல இருந்து கர்நாடகாவுக்கு வந்து இங்கயும் பரவுன ஊசி ஈ அதுதான், விவசாயிக்கு வலை கட்ட அவ்வளவு தெரிஞ்சா போதும்.



சரி, நீங்க இப்பவே கதவு சந்து, ஜன்னல் எல்லாம் வலை கிழிஞ்சிருக்கா பாருங்க. நெசோலிங்ஸ் தைமஸ்னு ஒரு குட்டி குளவி இருக்கு, ஊசி ஈ கூட்டுப்புழுவ அழிக்கும், பட்டு வளர்ச்சித் துறை ஆபீஸ்ல கேளுங்க. புழு போட்டோ எடுத்ததும் இங்கயே போடுங்க, நான் பாக்கறேன்.