அமிகா 500: ஏடிஎஃப் கோப்பை ஃபிளாப்பியில் எழுதுவது

வணக்கம் நண்பரே. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில், அமிகா 500 என்ற பழைய கணினிக்கான ஏடிஎஃப் கோப்பை (அமிகா டிஸ்கின் முழு நகல்) எழுத முயன்று ஒவ்வொரு முறையும் பிழை வருகிறது என்கிறீர்கள். டிஸ்கின் மேல் சந்தேகப்பட வேண்டாம். அந்த டிரைவால் அது முடியவே முடியாது. பிசி முறை டிஸ்கின் ஒவ்வொரு டிராக்கையும் (வட்டத் தடத்தையும்) 9 செக்டராகப் (துண்டாகப்) பிரித்து 720 கேபி தருகிறது. அமிகாவோ 11 செக்டர்களை இடைவெளியின்றி நெருக்கி 880 கேபி எழுதுகிறது. யூஎஸ்பி டிரைவுக்குள் இருக்கும் சிப்புக்கு பிசி முறை மட்டும்தான் தெரியும், எந்த மென்பொருளாலும் அதை மாற்ற முடியாது.

கிரீஸ்வீசில் என்ற சிறு பலகையை வாங்குங்கள். பழைய பிசியின் 3.5 அங்குல டிரைவை 34 பின் கேபிளில் அதனுடன் இணைத்தால் காந்தத் துடிப்புகளையே நேரடியாக எழுதும். எழுதியதைத் திரும்பப் படித்தும் சரிபார்க்கும். இந்த வசதிக்காகவே அதைத் தயங்காமல் சொல்வேன்.

அப்புறம் டிஸ்க். இரண்டு ஓட்டை உள்ள 1.44 எம்பி டிஸ்க்கைத் தவிருங்கள். அதன் காந்தப்பூச்சு வேறு, இன்று படித்தாலும் நாளடைவில் கைவிடலாம். ஒற்றை ஓட்டை உள்ள டிடி (இரட்டை அடர்த்தி) டிஸ்க்தான் சரி. எழுதும் முன் டிரைவின் ஹெட்டை (படித்து எழுதும் முனையை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள்.

அதன் பிறகும் பிழை வந்தால், எந்த டிராக்கில் என்று எழுதுங்கள், பார்ப்போம்.